ஆறிலும் எட்டிலும்

நான் விளையாட்டு செய்கிறேன் என்று முதன்முதலில் வெளியே சொன்னபோது, அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர், "எந்த ஸ்டேடியத்துலம்மா?" என்று கேட்டார். மொபைலில் ஆடும் விளையாட்டு என்று விளக்கினேன். "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் பார்க்கும் பார்வை அது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடத்தில் இவரே ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து என் விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்கள் எனக்குக் காட்டும் மரியாதை. குர்கானில் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விட்டுவிட்டு, மெட்ரோ பிடித்து டெல்லி கிட்வாய் நகரில் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கியவள் நான். அம்மாதான் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

விளையாட்டு இதுதான். திரையின் மேலேயிருந்து கலர் கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒரே நிறத்தில் மூன்று கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் மறைந்துவிடும், இடம் காலியாகும். இதுவரை சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை, மெட்ரோவில் பாதிப் பேர் இதைத்தான் ஆடிக்கொண்டு போகிறார்கள். என் விளையாட்டில் பின்னால் ஒரு தாளம் ஓடும். எட்டு எண்ணிக்கை, திரும்பத் திரும்ப. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் சரியாகத் திரையைத் தட்டினால் கட்டை நீங்கள் காட்டிய இடத்தில் போய் உட்காரும். தாளம் தவறினாலோ தட்டாமல் விட்டாலோ அந்தக் கட்டை சாம்பல் நிறக் கல்லாகிவிடும். கல் எதனோடும் சேராது, மறையாது. கற்கள் நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. கண் நிறத்தைப் பார்க்க வேண்டும், காது தாளத்தைப் பிடிக்க வேண்டும், விரல் இரண்டுக்கும் சேர்த்து உழைக்க வேண்டும்.

இதில் கண்ணுக்கும் விரலுக்குமான பாதி நான். காதுக்கான பாதி அவள்.

அவள் திருநெல்வேலிப் பக்கம். முனிர்காவை ஒட்டிய பல்கலைக்கழகத்துக்கு எம்.ஏ. படிக்க வந்தவள், படிப்பு முடிந்த பிறகும் முனிர்கா அறையைக் காலி செய்யாமல் இருந்துவிட்டாள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அடிக்கும் மேளத்தைக் கேட்டு வளர்ந்தவள், முறையாக எங்கும் படித்ததில்லை. ஒரு லேப்டாப், ஒரு மைக், எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் பக்கெட், இவ்வளவுதான் அவளுடைய சொத்து. இவற்றை வைத்து அவள் போடும் தாளத்தைக் கேட்டால் எவ்வளவு விறைப்பான ஆளுக்கும் கால் ஆடும். ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில் சப்பாத்திக் கட்டையால் குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரே அவளிடம் போய், "நீ என்னோட சேர்ந்து வேலை செய்யறே" என்றேன். கேட்கவில்லை, சொன்னேன்.

"ஏட்டி, மொதல்ல நீ யாரு?" என்றாள்.

மறுவாரமே அவள் அறையில் வேலையைத் தொடங்கிவிட்டோம். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் தாளிக்கும் கடுகு நம் லேப்டாப்பில் வந்து விழும். அந்தச் சந்தில் ஒலிப்பதிவு செய்வதென்றால் அதற்கு ஒரு நேரம் பார்க்க வேண்டும். தண்ணீர் மோட்டார் நின்ற பிறகு, காய்கறி வண்டிக்காரர் "ஆலூ, பியாஸ்" என்று வருவதற்கு முன்னால், அதிகம் போனால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவள் மைக்கையும் தட்டையும் எடுத்துக்கொண்டு ரஜாய்க்குள் புகுந்துகொள்வாள். டெல்லிக் குளிருக்கான அந்தப் பெரிய பஞ்சுப் போர்வையை ஜூன் மாதத்திலும் தலையோடு மூடிக்கொண்டு, உள்ளே ஸ்பூனால் தட்டிக்கொண்டிருப்பாள். வெளியே வரும்போது வேர்வையில் தொப்பலாக நனைந்திருப்பாள். "கெடச்சிட்டு" என்பாள். அந்தச் சத்தம் அப்படிக் கிடைத்தது என்று ஆடுகிற யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்கூட அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குர்கானில் இப்படிப்பட்ட விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் ஒரு நிறுவனம். அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் எங்கள் முதல் மூன்று லெவல்களைப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். நாற்பது வயது தாண்டிய, மொபைலில் விளையாடியே பழக்கமில்லாத பத்துப் பேர் ஆட வேண்டும். பாதிப் பேராவது மூன்றாவது லெவலைத் தாண்ட வேண்டும். அந்தப் பதிவை அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள் என்றார். அவர் வெளியிடும் விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் சோபாவில் சாய்ந்திருக்கும் குடும்பஸ்தர்கள்தானாம்.

இது நடக்காவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை, பழைய ஆபீஸில் இன்னும் என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. ஊரில் அவள் அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சரிப்பட்டு வரவில்லையென்றால் அவள் போய்விடுவாள், திரும்பி வர மாட்டாள். அது எனக்கும் தெரியும். போனால் போகட்டும், தாளம் போட டெல்லியில் ஆளா இல்லை என்று உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பத்துப் பேருக்கு நான் எங்கும் அலையவில்லை. அது நவராத்திரி சமயம். எங்கள் வீட்டுக் கொலுவுக்குக் கிட்வாய் நகர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வரும். கரோல் பாகிலிருந்துகூட அம்மாவின் பழைய சிநேகிதிகள் இரண்டு பேர் மெட்ரோவில் வருவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் தொடையில் தாளம் போட, கூடம் நிறைந்திருக்கும். வாசலிலேயே நின்று பிடித்துக்கொண்டேன். முதலில் ஃபோன், அப்புறம்தான் சுண்டல். பட்டுப்புடவை கட்டிய ஆன்ட்டிகளும், ஸ்வெட்டர் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அங்கிள்களும் வரிசையாக உட்கார்ந்து என் கட்டைகளை இறக்கினார்கள். அம்மா ஒன்பதாவது ஆள்.

இங்கே என் குணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆடுகிறவர்களை நான் பார்ப்பதில்லை. பக்கத்தில் நின்றால் கூச்சப்படுவார்கள் என்பது நான் சொல்லும் காரணம். எனக்கு ஆட்களைவிட எண்களின் மேல் நம்பிக்கை அதிகம் என்பதுதான் உண்மை. யார் எந்த எண்ணிக்கையில் தட்டினார்கள், எதில் விட்டார்கள் என்று ஃபோனே பதிந்துவைத்துக்கொள்ளும். அது போதும் என்று நான் சமையலறையில் தொன்னைகளில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு பதிவைத் திறந்தால் மூன்றே பேர் தாண்டியிருந்தார்கள். ஏழு பேர் மூன்றாவது லெவலில் கல் நிரம்பிச் செத்திருந்தார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி! முதல் ஐந்து எண்ணிக்கை அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது. ஆறாவது இல்லை. ஏழு சரி. எட்டு இல்லை. இளைஞர்களை வைத்துப் பார்த்தபோது ஒருவர்கூட இப்படித் தவறவிடவில்லை.

காரணம் எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். அவளுடைய தாளத்தில் ஆறாவது, எட்டாவது ஓசைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெல்லியவை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தாள், "அந்த எடத்துல மூச்சு விடணும்லா" என்று சொல்லியிருந்தாள். வயதானவர்களுக்குக் காதில் விழவில்லை, அதனால் தட்டவில்லை. தீர்ந்தது வழக்கு. ஃபோன் செய்து அந்த இரண்டையும் ஏற்று என்றேன்.

"சத்தம் சரியாத்தான் இருக்கு. ஏத்துனா அது ஓடாது, நொண்டும். ஒன் புரோகிராம்ல என்ன கோளாறுன்னு பாரு" என்றாள்.

என் புரோகிராமில் கோளாறா! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பாக்கியிருந்ததோ சில நாட்கள். அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இணையத்தில் ரெடிமேடாக விற்கும் ஒரு தாளத்தை வாங்கினேன். எட்டும் ஒரே கனத்தில், சுத்தியால் அடித்த மாதிரி இருக்கும். அவளுடையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுக் குர்கான்காரருக்கு அனுப்பினேன், ஒலியைச் சரிசெய்துவிட்டோம், புதிய பதிவும் வந்துகொண்டே இருக்கிறது என்று. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் பதில் எழுதும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை முனிர்காவில் மாடி ஏறும்போதே கதவு திறந்திருந்தது. அவள் லேப்டாப்பில் அந்த ரெடிமேடுத் தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"டைம் இல்லை. சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? வெள்ளிக்கிழம அவரு கைகுடுத்த பொறவா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். "ஏழு மாசம் ரஜாய்க்குள்ள கெடந்து வெந்துருக்கேன். எவனோ செஞ்ச டொக்கு டொக்க வாங்கி வச்சிட்டு, சரிபண்ணிட்டோம்னு எழுதியிருக்க. பண்ணிட்டோமாம். அந்த 'டோம்'ல நான் எங்கட்டி இருக்கேன்?"

"கேம் ஜெயிச்சா ரெண்டு பேருக்கும்தானே?"

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? என் சத்தம் இல்லாம ஜெயிச்சா அது எனக்கு எப்படி ஜெயிப்பு?"

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் படியிறங்கி வந்து ஆட்டோவில் ஏறி, "பையா, கிட்வாய் நகர், ஜல்தி" என்றேன். அவசரம் ஒன்றும் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் என் பக்கத்து நியாயங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். நிறைய இருந்தன. ஒன்றுகூட எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேஜையில் குக்கர் விசிலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிய பதிவு வேண்டுமே என்று ஃபோனை நீட்டினேன். சுத்தியடித் தாளத்தில் அம்மாவே முதலில் ஆடட்டும் என்று நினைத்தேன். வழக்கமாக அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அன்று எங்கும் போகத் தெம்பில்லாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வலது கை விரலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் அவள் கை திரையைவிட்டு எழும்பி, உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியது. ஏழுக்கு மறுபடி இறங்கித் தட்டியது. எட்டுக்கு மறுபடி திரும்பியது. திரையில் இரண்டு கற்கள் விழுந்தன.

"அம்மா, அங்க ஏன் தட்டலை? சத்தம் கேக்கலையா?"

"நல்லா கேக்குதே. மண்டைய உடைக்கிற மாதிரி கேக்குது."

"அப்புறம் ஏன் தட்டலை?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வீச்சுல யாராவது தட்டுவாங்களாடி?"

குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. அம்மாதான் எழுந்து போனாள்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு இது தெரிந்த விஷயம். சின்ன வயதில் மூன்று வருடம் கரோல் பாகில் பாட்டு வகுப்புக்குப் போனவள் நான். பாட்டு வரவில்லையே தவிர ஆதி தாளம் போட வந்தது. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. ஆறாவதும் எட்டாவதும் வீச்சு, கை சத்தமில்லாமல் திரும்பும் இடம். பாட்டு கற்ற கைக்கு எட்டு எண்ணிக்கை என்றாலே அதுதான். விரல் எண்ணிக்கையில் தொடையைத் தொட்ட பழக்கத்தில் திரையைத் தொட்டிருக்கிறார்கள், வீச்சில் கையைத் திருப்பியிருக்கிறார்கள். மூளையைக் கேட்டா கை திரும்பும்? கொலுவுக்கு வந்தவர்களை மனதில் ஓட்டினேன். தவறவிட்ட ஏழு பேரும் எப்போதோ பாட்டு கற்றவர்கள். தாண்டிய மூன்று பேரும் பாட்டு வாசனையே இல்லாதவர்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவர் அணிவகுப்பு மாதிரி எட்டையும் தட்டித் தள்ளியிருக்கிறார். பிழை செய்தவர்கள்தான் தாளம் தெரிந்தவர்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அம்மாவைச் சமையலறைக்குள் போய்க் கட்டிக்கொண்டேன்.

சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அவள் அந்த இரண்டு இடங்களையும் மெல்லியதாக வைத்திருந்தாள். வீச்சு என்ற பேர்கூடத் தெரியாமல், ஆறிலும் எட்டிலும் மூச்சு விட வேண்டும் என்று அவள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தேன்.

வந்த ஆட்டோ வழியிலேயே திரும்பி முனிர்கா போனேன். அவள் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், அவளுடைய கட்டிலில் தட்டிக் காண்பித்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் மறுபக்கத்தில் வேறு நிறம் வைக்கலாம், ஆறிலும் எட்டிலும் தட்டாமல் விரலை மேலே வீசினால் கட்டை புரண்டு நிறம் மாறும், அதை வைத்து மூன்று சேர்க்கலாம், அங்கே தட்டினால்தான் கல், இதுமாதிரி விளையாட்டு உலகத்திலேயே கிடையாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"முடிஞ்சிட்டா?"

"ம்."

"நல்லாருக்கு. நெசமாவே நல்லாருக்கு. ஆனா நீ கண்டுபிடிச்சதச் சொல்ல வந்துருக்க. பண்ணுனதச் சொல்ல வரல."

கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"உன்னைக் கேக்காம உன் சத்தத்தை எடுத்தேன்" என்றேன். "அது தப்பு. அம்மா கையை நான் பார்க்காமலே இருந்திருந்தாலும், உன் சத்தமே தப்பா இருந்திருந்தாலும், அது தப்புதான்."

அவள் கையில் இருந்த சுடிதாரைப் பெட்டியில் வைத்தாள். வெளியே எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்து முடிச்சித் தாரேன். அது வெளையாட்டுக்காக. ஒனக்காகன்னு நெனச்சிராத. சனிக்கிழம நான் கெளம்புதேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குர்கான் வேண்டும், விளையாட்டு வேண்டும், எல்லாம் சரி. ஆனால் இவள் போய்விட்டால் எனக்கு இது வேண்டாம். தாளம் போட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நான் செய்வது தப்பு என்று கத்தாமல் சொல்ல எனக்கு இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் ஒரு பேரம் போல ஆகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் உழைத்தோம். நான் கட்டைகளுக்கு மறுபக்கம் எழுதினேன். அவள் பழைய தாளத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, வீச்சு விழும் இடத்தில் மட்டும் தட்டின் விளிம்பை ஈரத்துணியால் வருடி ஒரு சின்ன ஓசை செய்தாள். அதைக் கேட்டால் யாரும் சொல்லாமலே விரல் மேலே போகும். பேச்சு வேலையைப் பற்றி மட்டும் இருந்தது. டீ வந்தால் எனக்கும் ஒரு கிளாஸ் நகர்த்தி வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவையும் கொலுவுக்கு வந்த மற்ற ஒன்பது பேரையும் மறுபடி ஆட வைத்தேன். இந்த முறை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டுப் பேர் தாண்டினார்கள். அணிவகுப்பு அங்கிள்தான் ஆறில் தட்டித் தட்டிக் கல்லைக் குவித்துவிட்டு, முன்னால் நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டாய் என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குர்கானில் எனக்குப் பயமே இல்லை. கையில் நல்ல சரக்கு இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு நடை மாறிவிடும். அந்த மனிதர் ஃபோனை வாங்கி ஆடத் தொடங்கினார். ஆறில் தட்டினார், கல். எட்டில் தட்டினார், கல். "யே க்யா ஹை?" என்றார். மேலே ஆடுங்கள் என்று கை காட்டினேன். இரண்டாவது சுற்றிலும் கல் விழுந்தது. நாலாவது சுற்றில் அவர் விரல் தானாக எழும்பியது, நீலக் கட்டை புரண்டு சிவப்பாகி மூன்றாகச் சேர்ந்து மறைந்தது. மனிதர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் பத்து நிமிடம் நாங்கள் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, இந்த யோசனை யாருடையது என்று இந்தியில் கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு என் வாயில் பதில் எப்போதும் தயாராக இருக்கும். அது ஒரே சொல், 'நான்'. அன்று அதைச் சொல்லவில்லை. "இதை நான் பிழைன்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்தேன். கொலுவுக்கு வந்த அம்மாக்களின் கை செய்த வேலையைச் சொன்னேன். இவளுடைய தாளம்தான் காரணம் என்று சொல்லி, இவளைக் கேட்காமல் எடுத்துவிட்டு ரெடிமேடு ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதுதான் என்றேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது லெவல் வேண்டும், ஹோலிக்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முப்பதுக்கும் இவர்தானே தாளம் போடுவார் என்று அடுத்துக் கேட்டார். கேட்டது அவளைப் பற்றி, பார்த்தது என்னை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். அது என் நாக்கு நுனி வரை வந்தது. சனிக்கிழமை ரயிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றேன்.

அவர் அவளைக் கேட்டார். யோசித்துத் திங்கட்கிழமை சொல்வதாக அவள் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் மாறியது. சரி, திங்கட்கிழமை என்று எழுந்து கை கொடுத்தார். சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தோம். ஹவுஸ் காஸில் அவள் இறங்கி முனிர்கா லைனுக்கு மாற வேண்டும், நான் இதே வண்டியில் மேலே போக வேண்டும். சத்தர்பூர், குதுப்மினார், சாகேத் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போனது. மாளவியா நகர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"நீ ஏன் ஆமான்னு சொல்லல? ஒனக்குதான் எல்லாருக்கும் சேத்துப் பதில் சொல்லுத வழக்கமாச்சே."

"அது நான் சொல்ற பதில் இல்லை."

ஹவுஸ் காஸ் வந்தது, கதவு திறந்தது. கூட்டத்தோடு இறங்கிப் பிளாட்ஃபார்மில் நின்று திரும்பினாள்.

"முப்பதுக்கும் நான்தான் போடுவேன். நாளைக்கு அந்த ரயிலு நான் இல்லாமப் போவட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இனிமே என் சத்தத்துல நீ கை வச்ச, அந்தக் கைய ஒடிச்சிருவேன், பாத்துக்கோ."

கதவு மூடிக்கொண்டது. வண்டி கிளம்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா இல்லை, தேம்பித் தேம்பி வந்தது. பெண்கள் பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்திருந்த ஒரு சர்தார்னி அம்மாள் எழுந்து என்னைத் தன் இடத்தில் உட்கார வைத்து, "க்யா ஹுவா பேட்டா?" என்று கேட்டார். நல்ல செய்திதான் என்று சொல்லப் பார்த்தேன். தமிழிலும் வரவில்லை, இந்தியிலும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.